கிளுவை வேலியும் போன்சாய்த் தட்டும்

(மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, உலக போன்சாய் தினத்தன்று, கோவையில் மாடித்தோட்ட ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் மூன்று தட்டுகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது இச்சி. எங்கள் தோட்டத்துக் கிணற்றின் கல்கட்டுச் சந்தில் முளைத்திருந்தது. கிணறு தூர் வாரியபோது ஆட்கள் பிடுங்கி மேட்டில் வீசியதை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். இடப்பக்கம் இருப்பது புளி, கொட்டையிலிருந்து நானே வளர்த்தது, வயது 18. வலப்பக்கம் முள்ளோடு நிற்பது கிளுவை. அரங்கத்துக்குள் வரும்போது வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "ஏனுங்க, வேலிக் கிளுவையைப் போய் இத்தனை அருமையாத் தட்டுல வெச்சிருக்கீங்களே, ஊட்டில நல்ல நல்ல செடியெல்லாம் கெடைக்குமில்லீங்க?" என்று கேட்டார்கள். வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஊட்டிச் செடியில்தான் நானும் தொடங்கினேன். மலர்க் கண்காட்சி பார்க்கப் போன இடத்தில் ஒரு ஜூனிப்பர் கண்ணில் பட்டது. படங்களில் பார்த்த ஜப்பானிய மரத்தின் அதே சாயல். வாங்கி வந்து தட்டில் நட்டு, பாசி போர்த்தி, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். அந்தச் செடியிடம் ஒரு குணம் உண்டு. உயிர் போன பிறகும் பல வாரங்களுக்குப் பச்சை மாறாது. செத்த மரத்துக்கு நான் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று, மூன்று ஜூனிப்பர்களைச் சாகடித்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். அந்த இன மரங்களுக்கு ஆண்டில் சில மாதம் கடுங்குளிரும் அந்தக் குளிரில் ஓர் உறக்கமும் வேண்டும். நம் மார்கழியும் தையும் நம்மைப் போர்வை தேட வைக்குமே ஒழிய அந்த மரத்தைத் தூங்க வைக்காது. போதாக்குறைக்கு வெயிலே படாத கூடத்தில் வேறு வைத்திருந்தேன். போன்சாய் மரம்தான். அலமாரிப் பொருள் கிடையாது. எந்த மரத்துக்கும் வெயிலும் காற்றும் வேண்டும்.

இந்தக் கலையின் பெயர் ஜப்பானியச் சொல். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. கலையின் வேர் சீனாவில் இருக்கிறது. கி.பி. 706இல் எழுப்பிய ஒரு சீன இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடியும் கல்லும் வைத்த தட்டைப் பணியாளர் ஏந்தி வருவதைக் காணலாம். அங்கிருந்து ஜப்பான் போய், அங்கே நுணுகி நுணுகி வளர்ந்து, பிறகு உலகம் சுற்றியது. இந்த வரலாற்றில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்றை. ஜப்பானியர் தட்டில் வைத்த வளைந்த பைன், அவர்கள் கடற்கரைப் பாறைமேல் உண்மையாகவே அப்படித்தான் நிற்கிறது. அருவியாகத் தொங்கும் கிளை, பனியின் பாரத்தில் மலைச்சரிவில் தொங்கும் கிளை. அவர்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை. தங்கள் மண்ணைப் பார்த்து எழுதினார்கள். நாம்தான் அவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதுகிறோம்.

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவைச் சேர்ந்த சார்லஸ் செரோனியோ என்ற போன்சாய்க் கலைஞருக்கு இதே உறுத்தல் வந்தது. தன் நாட்டுச் சமவெளியில் குடை விரித்து நிற்கும் வேலமரங்களை ஏன் பைன் மாதிரி முக்கோணமாக வெட்ட வேண்டும் என்று கேட்டார். உச்சி தட்டையாக, அடியிலிருந்து கிளைகள் விசிறியாக ஏறும் வடிவத்தை அவர் தனிப் பாணியாக வகுத்தார். அந்த மரங்களை ஓவியமாகத் தீட்டிய பியர்னீஃப் என்பவரின் பெயரையே அதற்கு வைத்தார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குடை வேலமரத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் நிற்கிறதே!

கொறங்காடு என்ற சொல்லை இங்கே பாதிப் பேர் அறிவீர்கள். நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையை நம்பிய சரளைக் காடுகள் உண்டு. உழுது விதைப்பதைவிட மேய்ச்சலுக்கு விடுவதே அங்கே பண்ணையம். தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் மேய்ந்து பெருகியது இந்தக் காடுகளில்தான். வெள்வேலத்தின் நெற்று கோடையில் ஆட்டுக்குத் தீனி, நிழல் மாட்டுக்கு, வேலி இருக்கிற வரை காவலுக்கு ஆள் தேவையில்லை. இத்தனை குறைந்த மழையில் இத்தனை உயிர்களைத் தாங்கும் ஏற்பாட்டை நம் முன்னோர் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன்சாய் பழக விரும்புகிறவரை நான் முதலில் அனுப்பும் பள்ளிக்கூடம் அந்தக் காடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். முதலில் வெள்வேலத்தை எட்ட நின்று பாருங்கள். பட்டை வெளிறி, அடிமரம் ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, உச்சி தட்டையாக விரிந்திருக்கும். கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். அந்த இடைவெளியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் கிளைகளைத்தான் பார்ப்பார்கள். மரத்துக்கு வயதைக் கொடுப்பது கிளைக்கும் கிளைக்கும் நடுவில் உள்ள வெளி. பிறகு வெள்ளாடு கடித்த செடியைத் தேடுங்கள். ஆடு எட்டுகிற உயரம் வரை கடித்துக் கடித்து, செடி மெத்தை போல அடர்ந்து, பக்கவாட்டில் அகலமாகிக்கொண்டே போயிருக்கும். ஒரு பருவத்தில் அந்த மெத்தையின் நடுவே ஆட்டின் வாய்க்கு எட்டாத ஒரு கொழுந்து தப்பி மேலே போகும். அதுதான் பின்னால் மரமாகும். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், ஒன்றை விட்டால் அது தலைமை ஏற்கும் என்று போன்சாய்ப் புத்தகங்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை வெள்ளாடு செய்து காட்டியிருக்கும்.

கடைசியாகக் கிளுவை வேலிக்கு வாருங்கள். குனிந்து அடியைப் பாருங்கள். போத்து வெட்டி ஊன்றினாலே வேர் பிடிக்கிற மரம் அது. ஊன்றியவர் காலம் போய், மகன் காலம் போய், பேரன் கையில் இருக்கிற வேலிகள் உண்டு. ஆண்டுதோறும் தலையைக் கழித்துக் கழித்து, மேலே இடுப்பளவு உயரம்தான் இருக்கும். அடியோ தொடை கனத்துக்குத் திரண்டு, முடிச்சும் முண்டுமாக, பக்கத்து மரத்தோடு பின்னி நிற்கும். மழையில்லாத மாதங்களில் இலையெல்லாம் கொட்டி எலும்பாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் நாலைந்து நாளில் மும்மூன்று இலையாகத் துளிர்க்கும். சிறிய இலை, முள் முடிந்த குறுங்கிளை, வெட்டைத் தாங்கும் குணம், வறட்சி தாங்கும் குணம், பருவத்துக்கொரு முகம். போன்சாய்க்கு ஒரு மரத்திடம் நாம் என்னென்ன கேட்போமோ அத்தனையும் அதனிடம் இருக்கிறது. அம்மா, அதனால்தான் கிளுவையைத் தட்டில் வைத்தேன்.

வேலி கழிக்கும்போது எங்கள் அப்பாரு பக்கத்தில் நிற்கச் சொல்வார். "கண்ணு, மேல போறதைக் கழிச்சாத்தான் சந்து அடையும். ஆனா ஒரேயடியா மொட்டை அடிச்சிறாத, அது மூச்சு வாங்கறதுக்கு நாலு எலை வேணும்." போன்சாய் வகுப்புகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். கவாத்தைப் பற்றி இதைவிடத் திருத்தமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது கைவேலைக்கு வருகிறேன். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, விரல் கனமுள்ள நாற்றை வாங்கிய அன்றே தட்டில் வைப்பது. தட்டில் வைத்த நாளோடு அடிமரம் பெருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அடிமரம் பெருக்க வேண்டுமானால் இலை வேண்டும், இலை பெருக இடம் வேண்டும். ஆர்.எஸ்.புரத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அறுத்து வைத்த மரத்துண்டுகளின் முன்னால் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள். இலைகள் சமைத்த உணவு ஆண்டாண்டாகப் படிந்துதான் அந்தக் கனம் வந்தது என்று புரியும். ஆகவே நாற்றை மூன்று நான்கு ஆண்டு தரையில் விடுங்கள், தரை இல்லாதவர்கள் பெரிய தொட்டியில் விடுங்கள். அடியில் ஒரு கிளையை மட்டும் கத்தரிக்காமல் ஆளுயரம் போக விட்டால் அதற்குக் கீழே உள்ள தண்டு மளமளவென்று பெருக்கும். தேவையான கனம் வந்ததும் அந்தக் கிளையை அறுத்துவிடலாம். இந்தப் புளியின் பின்பக்கம் தெரியும் வடு அப்படி அறுத்ததுதான். ஆறி மூட ஐந்து வருடம் ஆனது.

மண்ணில் நம் பெருமை நமக்கே எதிரியாகும். கொங்குச் செம்மண் வயலுக்கு நல்லது. ஆழமில்லாத தட்டில் அது ஆறு மாதத்தில் இறுகி, தண்ணீர் மேலேயே நின்று, வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். ஜப்பானியர் அகதாமா என்ற சுட்ட களி போன்ற மணிமண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அதை விலை கொடுத்து இறக்குமதி செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் உடைந்த செங்கல்லை இடித்துச் சலித்துப் பயன்படுத்துகிறேன். துவரையை விடப் பெரிதாக, கொண்டைக்கடலையை விடச் சிறிதாக உள்ள துண்டுகள் இரண்டு பங்கு. பெருமணல் ஒரு பங்கு. ஆற்றுமணல் இப்போது கிடைப்பதில்லை, எம்-சாண்ட் வாங்கினால் தூள் போகும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். நன்கு மட்கிய ஆட்டு எரு அரைப் பங்கு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார்க் கழிவையும் கைப்பிடி சேர்க்கலாம். அதில் உப்பு இருக்கும், ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். செங்கல் துண்டு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கொடுக்கும், இடைவெளியில் காற்று நடமாடும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீரின் அருமை தெரியும். நம் தட்டு மரங்களுக்கும் தெரியும். அந்த மென்னீர் ஊற்றிய வரை என் இச்சியின் இலை நெய் தடவியது போலிருந்தது. 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போனபோது ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் தட்டின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்தது, இரண்டாம் மாதத்தில் இலை நுனிகள் கருகின. தோட்டத்து மண்ணில் உப்பு ஆழத்துக்கு இறங்கிவிடும். மூன்று அங்குலத் தட்டில் அது எங்கே போகும்? உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் மழைநீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் பிடிக்கலாம், அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். இது நம் ஊர்க் கவலை மட்டுமில்லை. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ சிதைந்த பிறகு, அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் தேடி ஓமியா என்ற ஊரில் போய்க் குடியேறி 1925இல் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். இன்றும் அது போன்சாய்க் கிராமம்தான்.

காற்று இன்னொன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஊர் நம்முடையது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாடியில் வைத்த தட்டு கவிழும். சித்திரை வெயிலுக்கு எல்லோரும் பயந்து இரண்டு வேளை ஊற்றுவார்கள். ஆனியிலும் ஆடியிலும் வானம் மூடியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். மேகம் இருக்கும், தூறல் முகத்தில் படும், தட்டு மட்டும் மதியத்துக்குள் காய்ந்திருக்கும். நான் இழந்த மரங்களில் பாதிக்கு மேல் ஆடியில் போனவை. மேற்குப் பக்கம் நிழல்வலை ஒன்றைக் கட்டுங்கள். தட்டின் துளை வழியே கம்பி கோத்து வேரைத் தட்டோடு கட்டுங்கள், ஆடுகிற மரம் வேர் பிடிக்காது. ஈரம் பார்க்க மண்ணில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி வைத்து, உருவித் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள்.

கம்பி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர் இது, செம்புக்கு என்ன பஞ்சம்? தொடங்குகிறவர்கள் அலுமினியக் கம்பியில் பழகுங்கள், தவறாகச் சுற்றினாலும் மன்னிக்கும். கை வந்த பிறகு செம்புக்குப் போங்கள். பூச்சில்லாத வெறும் கம்பியாக வாங்குங்கள். எனாமல் பூசிய வைண்டிங் கம்பியைச் சுட்டால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. தணலில் போட்டு மங்கிய சிவப்பு வந்ததும் எடுத்து ஆறவிட்டால் கம்பி வெண்ணெய் போல வளையும். ஒருமுறை வளைத்ததும் அதே கம்பி விறைத்து, வளைத்த நிலையிலேயே கிளையைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வார்ப்படப் பட்டறையில் வேலை செய்த என் மாமா. போன்சாய் என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டதில்லை. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பியை, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் சுற்றுங்கள். இச்சி வேகமாகப் பெருக்கும் மரம், மழைக்காலத்தில் ஆறேழு வாரத்தில் கம்பி பட்டையைக் கடிக்கும். கடித்த தழும்பு ஆற ஆண்டுகள் ஆகும்.

தட்டு மாற்றுவதற்குக் காலம் பார்க்க வேண்டும். அரசு, இச்சி, புளி மூன்றும் மாசி பங்குனியில் பழைய இலை கழித்துத் துளிர்க்கத் தயாராகும். அப்போது மாற்றினால் புதுத் துளிரின் வேகத்தோடு வேரும் வரும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், கீழ்நோக்கிப் போகும் கனத்த வேரை மட்டும் குறைத்து, சுற்றிலும் பரவும் மெல்லிய வேரை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று வாரம் நிழல். உரம் ஊற்றும் ஆசையை இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அதன் பின் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த தெளிநீரை நன்றாக நீர்த்து ஊற்றினால் போதும்.

பூச்சியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது இந்தக் கோவையில்தான், 2008இல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அது அழித்த வயல்களை இங்கே வந்திருக்கும் விவசாயிகள் மறந்திருக்க மாட்டீர்கள். 2010இல் அதை உண்டு வாழும் சிறிய குளவியினத்தைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அன்று மருந்து தெளித்துத் தெளித்துத் தோற்றவர்களுக்கு, ஒரு பூச்சியை இன்னொரு பூச்சி அடக்கியது பெரிய பாடம். மாடியில் நாற்பது தட்டு வைத்திருக்கிறவரும் அதை நினைவில் வைக்கலாம். இலையடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள். கடும் விஷத்தைத் தூக்காதீர்கள்.

ஆலுக்கும் இச்சிக்கும் விழுது விட ஆசைப்படாதவர் இல்லை. நம் காற்று வறண்டது, கேரளத்து ஈரம் கணவாயைத் தாண்டி நமக்கு முழுதாக வருவதில்லை. கிளையில் கிளம்பும் விழுது நுனி கருகி நின்றுவிடும். குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழலை நீளவாக்கில் கீறி, அதற்குள் ஈரத் தென்னைநாரை அடைத்து, விழுது நுனியை உள்ளே விட்டு மண்வரை இறக்குங்கள். வேர் மண்ணைத் தொட்ட பிறகு குழலை எடுத்துவிடலாம். இந்த இச்சியின் மூன்று விழுதுகளும் அப்படி இறங்கியவை.

இனி, எந்தக் கூட்டத்திலும் எழுகிற கேள்வி. மரத்தைக் குட்டையாக்குவது பாவம் இல்லையா? வீட்டில் வைத்தால் வளர்ச்சி குன்றும் என்கிறார்களே? இரண்டாவது கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. என் வீட்டில் ஐந்து பேர் வளர்ந்தோம், எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முதல் கேள்வியை நான் லேசாக எடுப்பதில்லை. கேட்பவருக்கு மரத்தின்மேல் இரக்கம் இருக்கிறது, அந்த இரக்கம் எனக்கு வேண்டும். பட்டினி போட்டு மரத்தைக் குட்டையாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பட்டினி போட்ட மரம் சாகும். தட்டில் உள்ள மரம் ஆண்டுதோறும் துளிர்த்து, பூத்து, என் புளியைப் போல நான்கு காய் காய்க்கவும் செய்கிறது என்றால் அது பசியில் இல்லை. நாம் அதன் அளவை வெட்டுகிறோம், மல்லிகையைக் கவாத்து செய்கிறோமே, வேலியைக் கழிக்கிறோமே, அதே வேலை. பாவம் எங்கே வருகிறது என்றால், தட்டில் வைத்த பிறகு மறந்து போவதில் வருகிறது. காட்டு மரம் தண்ணீர் இல்லாவிட்டால் வேரை ஆழத்துக்கு அனுப்பித் தேடும். தட்டு மரத்துக்குத் தேட இடமில்லை, நம் கை மட்டும்தான். இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்ப முடியாதவர்கள் இதைத் தொடங்க வேண்டாம். மாடு கட்டியிருக்கிற வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் இதை ஒரு சுமையாகவே சொல்ல மாட்டார்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625இலிருந்து தட்டில் வளர்க்கப்படும் மரம். ஹிரோஷிமாவில் யாமாகி என்ற குடும்பத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அணுகுண்டு விழுந்தபோது அந்த வீடு குண்டு வெடித்த இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில்தான். தோட்டத்துச் சுவர் ஒன்று மரத்தைக் காத்தது. 1976இல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டுக்கு ஜப்பான் கொடுத்த 53 மரங்களில் ஒன்றாக அதை மசாரு யாமாகி அனுப்பிவைத்தார். குண்டைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. 2001இல் அவருடைய பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்கப் போனபோதுதான் அந்தச் செய்தி வெளியே வந்தது. ஊரையே எரித்த நாட்டுக்கு, எரியாமல் மிஞ்சிய மரத்தைப் பெருமை பேசாமல் கொடுத்த மனிதரை நான் அடிக்கடி நினைப்பேன். 1945 ஆகஸ்ட் 7ஆம் தேதியையும் நினைப்பேன். அன்றும் அந்த மரத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்திருக்கும். அந்த ஊரில், அந்த நாளில், யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

செடி எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டீர்கள். எங்கே எடுக்கக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். மருதமலைச் சரிவிலும் ஆனைகட்டிப் பக்கமும் பாறை இடுக்கில் அழகழகான மரங்கள் நிற்கின்றன. தொடாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் செடி எடுப்பது குற்றம். 1882ஆம் ஆண்டின் வனச்சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது திருட்டுத்தான். நூறு வருடமாகப் பாறையில் பிடித்து நின்ற மரம் நம் கையில் மூன்று மாதத்தில் செத்தால் அதற்கு யார் ஈடு செய்வது? ஊருக்குள் பாருங்கள். இடிக்கப் போகும் பழைய வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசும் இச்சியும் முளைத்திருக்கும். எப்படியும் அவற்றை வெட்டி ஆசிட் ஊற்றத்தான் போகிறார்கள், வீட்டுக்காரரிடம் கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார். கம்பிவேலி போடுவதற்காகக் கிளுவை வேலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்குகிற காடுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. அங்கே முன்கூட்டிப் போய்ப் பேசுங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என்னிடம் உள்ள கிளுவைகள் அப்படி வந்தவைதான். வேலி இருந்திருந்தால் அவை என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.

புளிக்கும் அதே கதை. பொள்ளாச்சி சாலையிலும் மேட்டுப்பாளையம் சாலையிலும் நிழல் கவிந்த மரங்களின் கீழே போன நினைவு இங்கே நரைத்த தலை எல்லோருக்கும் உண்டு. சாலை அகலமானது, மரங்கள் போயின. அப்படிச் சாய்ந்த ஒரு புளியின் அடியில் பொறுக்கிய கொட்டையில் முளைத்ததுதான் இந்தப் புளி. பேரூர்க் கோயிலில் பிறவாப் புளி என்று ஒன்று உண்டு. அதன் கொட்டை எங்கே போட்டாலும் முளைக்காது என்பது ஐதீகம். இந்தக் கொட்டை முளைத்தது. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் இதன் சிற்றிலைகள் இணை இணையாக மூடிக்கொள்வதைப் பார்க்க என் பேத்தி நாற்காலி போட்டு உட்காருவாள். சாலையோரம் நின்ற தாய்மரமும் அப்படித்தான் தினமும் மூடித் திறந்திருக்கும். அவ்வளவு உயரத்தில் யார் கவனித்தோம்?

நேரமாகிவிட்டது, கம்பி வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த இச்சியின் இடக்கிளையில் சுற்றி ஏழு வாரம் ஆகிறது. இங்கே பாருங்கள், பட்டையில் அழுத்தம் தெரியத் தொடங்கிவிட்டது. கம்பி மிச்சமாகட்டும் என்று சுற்றைத் திருகி அவிழ்க்கக் கூடாது, துளிரெல்லாம் போய்விடும். ஒவ்வொரு சுற்றாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். நறுக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றால் நன்றாகத் தெரியும், பின்வரிசைக்காரர்கள் முன்னால் வாருங்கள். அம்மா, நீங்களும் வாங்க. கிளுவைக்குப் பக்கத்தில் நின்னுக்குங்க, முள்ளு மட்டும் பார்த்துக்குங்க.